ஒரு விபத்துக்கு ஒரு விண்ணப்பம்

அத்தியாயம் 14

போன வாரம் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்த மனிதர், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து, எதையோ குறித்துக்கொண்டு போனாரே, நினைவிருக்கிறதா? அவர் போனதிலிருந்து ஃபார்ம் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஃபார்ம் அக்காவைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை அவளுடையது. நகல் எடுப்பதெல்லாம் பேருக்குத்தான். உண்மையான தொழில் படிவம் நிரப்புவது, மனு எழுதுவது. பதினோரு வருஷமாக எழுதுகிறாள். அவள் கைபட்ட படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பைக்கில் வந்தவர்மேல், குடித்துவிட்டுக் கார் ஓட்டிவந்த ஒருவன் மோதினான். இவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். மோதியவன் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்துவிட்டுப் போனான். அவன் போனதும் வழக்கும் போயிற்று. ஃபார்ம் அக்கா அந்த ஆளின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. போலீஸ், கோர்ட் எல்லாவற்றுக்கும் அவள் தம்பிதான் அலைந்தான்.

இப்போது மகளுக்குக் கண் பரிசோதகர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். குடித்துவிட்டு ஓட்டியவர்களால் நடந்த விபத்துகளில் நொறுங்கிப்போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது. அதை நம்பித்தான் அம்மாவும் பெண்ணும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை, கடையைத் திறந்து மெஷினில் காகிதம் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அறக்கட்டளையிலேருந்து பேசறேன். உங்க விண்ணப்பத்துல ஒரு சிக்கல். அம்மா, பொண்ணு ரெண்டு பேரும் பதினோரு மணிக்கு வந்துட முடியுமா?”

கலக்கத்தைக் காட்ட ஃபார்ம் அக்காவுக்குத் தெரிந்த ஒரே வழி கோபப்படுவது. போனை வைத்ததும் பக்கத்தில் நின்ற மகள்மேல் பாய்ந்தாள்.

“நான் தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் நான் எழுதறேன், உனக்கு எழுத மாட்டேனா? கேட்டியா நீ? உன் எழுத்து எனக்கே புரியாது. அவங்களுக்கு எங்க புரியும்?”

“அப்பாவைப் பத்தின லெட்டர்மா அது. ஃபார்ம் இல்ல” என்றாள் மகள். பத்தொன்பது வயது. ஐந்து வயதில் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து யாருக்கு எது என்று தீர்ப்புச் சொன்னதிலிருந்து வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தவர் அப்பா.

“லெட்டரும் ஒரு ஃபார்ம்தான். நாலு பக்கமும் கோடு போடாத ஃபார்ம்.”

“அதனாலதான் உன்கிட்ட குடுக்கல” என்று சொல்லிவிட்டு ஜட்ஜம்மா ஷட்டரை இறக்கினாள்.

பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

அறக்கட்டளை அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கோப்பு அலமாரி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்த ஒரு அலுவலர் அம்மாள் அவர்களை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷி மாதிரிதான் இருந்தார். அதுவே ஃபார்ம் அக்காவுக்குப் பயமாக இருந்தது. கெட்ட செய்தி சொல்வதற்கு நல்ல மனுஷர்களைத்தான் வேலைக்கு வைப்பார்கள் என்பது அவளுடைய அனுபவம்.

“உங்க பொண்ணோட விண்ணப்பத்துல தப்பு ஒண்ணும் இல்லைங்க. ஆனா எங்க திட்டத்துல ஒரு விதி இருக்கு. ஒரு விபத்துக்கு ஒரு உதவித்தொகைதான். வழக்கு எண்ணை வச்சுத்தான் பார்ப்போம். இதே எண்ல இன்னொரு விண்ணப்பமும் வந்திருக்கு.”

“இதே எண்லயா?”

“ஆமா. அதே விபத்து.”

“எண்ணைத் தப்பா போட்டிருப்பாங்க. ஒண்ணு ஏழு மாதிரி இருக்கும், ஏழு ஒண்ணு மாதிரி இருக்கும். நான் தினமும் பார்க்கறேன் மேடம்.”

“நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். போலீஸ்ல கேட்டுட்டோம். எண் சரிதான்.”

“யாரு போட்டது?”

“அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க.”

ஃபார்ம் அக்காவின் மனசு நேராகத் தம்பி வீட்டில் போய் நின்றது. அந்த வழக்கு எண் தெரிந்தவன் அவள் வீட்டுக்கு வெளியே அவன் ஒருத்தன்தான். அவன் மகன் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கேட்க வேண்டுமா?

“ஒரு நிமிஷம் மேடம்” என்று வராந்தாவுக்கு வந்து போனைப் போட்டாள்.

“டேய், உண்மையைச் சொல்லு. உன் பையனுக்கு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டியா?”

“என்ன உதவித்தொகை?”

“நடிக்காதே. அந்த விபத்து நம்பரை வச்சு.”

எந்த விஷயத்துக்கும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று முதலில் குதிக்கிற தம்பி அவன். இந்தத் தடவை அவன் குதிக்கவில்லை.

“அக்கா, அத்தான் செத்ததை வச்சு என் பையனை நான் படிக்க வைப்பேனா? அவர் தோள்ல உட்கார வச்சு வளர்த்த பையன்கா அவன். எப்படிக்கா இப்படிக் கேக்கத் தோணிச்சு உனக்கு?”

அவளுக்குச் சுருக்கென்றது. “இல்லடா… வேற யாருக்குடா அந்த நம்பர் தெரியும்? நம்ம வீட்ல வேற யாரு இருக்கா?”

“நம்ம வீடு மட்டுமாக்கா அந்த விபத்துல இருந்துது?”

“என்னடா சொல்றே?”

“ஓட்டினவனும்தானே செத்தான். அவனுக்கும் ஒரு பொண்ணு. நம்ம ஜட்ஜம்மா வயசுதான் இருக்கும். வழக்கை மூடறப்போ கோர்ட்டுக்கு ரெண்டு தடவை அவ அம்மாகூட வந்து கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. உன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நான் சொல்லல.”

ஃபார்ம் அக்கா போனை அணைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கார் ஓட்டியவனுக்கு முகம் கிடையாது, வீடு கிடையாது, ஒருத்தரும் கிடையாது என்றுதான் இந்த மூன்று வருஷமும் அவள் வைத்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவதற்கு அது வசதியாக இருந்தது. இப்போது திடீரென்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தால் அவள் என்ன செய்வாள்?

உள்ளே போய் மகளிடம் சொல்லாமலிருக்கத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்த்தே ஜட்ஜம்மா பிடுங்கிவிட்டாள்.

“மோதினவன் பொண்ணா?” அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “மேடம், கொன்னவங்க வீட்டுக்கும் குடுப்பீங்களா நீங்க?”

அலுவலர் அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “விதியில ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’னுதான் இருக்கும்மா. எந்தப் பக்கம்னு போடல. எழுதினப்போ இப்படி ஒண்ணு வரும்னு யாருமே யோசிக்கல. குழுவுல பாதிப் பேர் அந்தப் பிள்ளை என்ன பண்ணும்கறாங்க. பாதிப் பேர் உன்னை மாதிரிக் கேக்கறாங்க. எனக்கே தலை சுத்துது.”

“எனக்கு சுத்தல மேடம். நேரா இருக்கு.”

“உட்காரும்மா. இன்னொரு சிக்கலும் இருக்கு. அதுதான் பெருசு.”

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, இரண்டு கோப்புகளைத் திறந்தார். “இது நீ எழுதினது. ‘ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்த அப்பாவின் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. படி ஏறும்போது ஒவ்வொரு மாடியாகச் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார். மூன்று என்று கேட்டதும் அம்மா கதவைத் திறப்பார்.’ சரிதானே?”

ஜட்ஜம்மா தலையாட்டினாள்.

“இப்போ அந்த விண்ணப்பத்தைக் கேளு. ‘படி ஏறும்போது என் அப்பா ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டே வருவார். அவர் மூன்று என்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருக்கும். இப்போது யார் படி ஏறினாலும் நாங்கள் மூன்று வரை எண்ணிப் பார்க்கிறோம்.’”



“போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தவர்தான் அங்கேயும் போனார். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. படிக்கட்டும் கிடையாது. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதியிருக்கணும். யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு தெரியணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெளிவாகலேன்னா குழு ரெண்டையும் தள்ளிடும்.”

“எங்க அப்பா மேடம் அது!” ஜட்ஜம்மாவின் குரல் கிறீச்சிட்டது. “அவரை எடுத்துக்கிட்டாங்க. இப்போ அவர் படி ஏறினதையும் எடுத்துக்கிட்டாங்களா? எப்படித் தெரிஞ்சுது அவளுக்கு? யாரு சொன்னா?”

அவள் அலுவலரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் அவர் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்காகத் தூக்கிப் பிடித்திருந்தார். ஃபார்ம் அக்கா பார்த்துவிட்டாள். ‘ழ’வின் வாலை ஒரு சுற்று அதிகமாகச் சுழித்திருந்தது. ஒவ்வொரு பத்தியும் ஒரே அளவு இடம் விட்டு ஆரம்பித்தது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. அவளுடைய கையெழுத்தேதான்.

“உங்க லெட்டர்தான் உண்மை, மற்றது நகல்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்று அலுவலர் அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை ஃபார்ம் அக்காவின் முன்னால் வைத்தார். “அந்த விண்ணப்பம் நீங்கிடும். உங்க பொண்ணுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சுடும்.”

மகள் பேனாவை எடுத்து நீட்டினாள். எத்தனை ஆயிரம் தாளில் எழுதிய கை. இந்தத் தாளில் ஒரு புள்ளி வைக்க வரவில்லை.

“நாளைக்குக் கொண்டு வரேன் மேடம்.”

“அம்மா!”

“நாளைக்குக் கொண்டு வரேன்னேன்ல.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜட்ஜம்மா, அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஃபார்ம் அக்காவும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி அந்தப் பெண் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். கடையில் வேறு யாரும் இல்லை. பையின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. முதல் பக்கத்தைத் தானே நிரப்பி நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். கடிதம் மட்டும் எழுதித் தர வேண்டும் என்றாள். “அப்பா… கார் விபத்து… குடி…” என்று திக்கினாள். ஃபார்ம் அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“போதும்மா. சொல்லாதே. சொன்னா அழுதுடுவே. எனக்குத் தெரியும், நானும் அந்த வழியா வந்தவதான். நான் எழுதறேன்.”

அந்தப் பெண் மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் “நீ பேசாம இரும்மா” என்று ஃபார்ம் அக்கா அடக்கினாள். மடித்த பக்கத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பா என்ன வேலை செய்தார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமலேயே எழுதுவதுதான் அவள் பெருமை. பேனா ஓடியது. எங்கிருந்து ஓடியது என்று அன்று அவள் பார்க்கவில்லை. சொந்த மகள் எழுதவிடாத கடிதத்தை, யாரோ ஒரு பெண்ணுக்கு எழுதி முடித்திருக்கிறாள். அதுவும் எந்தப் பெண்ணுக்கு!

இப்போது என்ன எழுதிக் கொடுப்பது? அந்தக் கடிதம் நகல் என்றால் பொய். நான்தான் எழுதினேன் என்றால், அம்மாவே இரண்டு பக்கமும் எழுதிவிட்டாள் என்று இரண்டையும் தள்ளிவிடுவார்கள். பேசாமலிருந்தாலும் தள்ளிவிடுவார்கள். பொய்க்கு மட்டும்தான் மகளின் படிப்பு கிடைக்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்து கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மகள் மெஷின் பக்கம் நின்று யாருடைய மதிப்பெண் பட்டியலையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

“அக்கா, என்னை ஞாபகம் இருக்கா?”

அதே பை. அதே ஊக்கு.

“அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்களே, அதுல ஏதோ தப்பாம்கா. விளக்கம் எழுதித் தரணுமாம். நாளைக்கே வேணுமாம்” என்று அறக்கட்டளையின் கடிதத்தை நீட்டினாள். “உங்க எழுத்துல தப்பு இருக்காதுன்னு எனக்குத் தெரியும். தப்பு என் மேலதான்.”

ஃபார்ம் அக்காவுக்கு மகள் கேட்டுவிடப் போகிறாளே என்ற பயம் ஒரு பக்கம். இந்தப் பெண் போய்விட்டால் நல்லது என்று ஒரு பக்கம். போய்விடக் கூடாது என்றும் ஒரு பக்கம்.

“அந்த மாடிப்படியை நான் அடிச்சிருக்கணும்கா” என்றாள் அந்தப் பெண். “எங்க வீட்டுக்கு மாடி கிடையாது. வீட்டுக்குப் போய்ப் படிச்சேன். இப்படி ஒரு அப்பா படியேறி வந்தா எப்படி இருக்கும்னு தோணிச்சு. திரும்பத் திரும்பப் படிச்சேன். அடிக்க மனசு வரல.”

மெஷின் நின்றது.

ஜட்ஜம்மா தாள்களை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த கடிதத்தை எடுத்து வழக்கு எண்ணைப் படித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“நீ எழுதினியா?”

“நான்தான்.”

“இவளுக்கா?”

“யாருன்னு தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. நான் கேக்கவே இல்ல.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபார்ம் அக்காவே சொன்னாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், படிவத்தில் நிரப்புவதுபோல் சொன்னாள். “லிஃப்ட் மெக்கானிக்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே, அவரு என் வீட்டுக்காரர். இது அவர் பொண்ணு.”

அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். கால் நாற்காலியில் தடுக்கியது. “நான் போயிடறேன்கா. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிடறேன். இன்னைக்கே வாங்கிடறேன். நான் அன்னைக்கே சொல்ல வந்தேன், ஓட்டினது எங்க அப்பான்னு… நீங்க…”

“நான் சொல்ல விடல” என்றாள் ஃபார்ம் அக்கா.

போகட்டும். விண்ணப்பத்தை அவளே திரும்ப வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை மகளுக்குப் பணம் வந்துவிடும். ஒரு பொய்யும் எழுத வேண்டாம். ஃபார்ம் அக்காவின் மனசு இதையெல்லாம் ஒரு நொடியில் போட்டுப் பார்த்தது. போட்டுப் பார்த்ததற்காக வெட்கமும் பட்டது.

வழியை மறித்து நின்றது மகள்தான். அவள் கண் சிவந்திருந்தது. அடிக்கப் போகிறாளோ என்றுகூட ஃபார்ம் அக்கா பயந்தாள்.

“அந்த அப்பா என்னுது. அதைத் திருப்பிக் குடுத்துடு” என்றாள் ஜட்ஜம்மா. “உன் அப்பாவைப் பத்தி நீ எழுது. அம்மா எழுதக் கூடாது. நீ சொல்லு, என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லு. எனக்குத் தெரியணும். மூணு வருஷமா யாருமே எனக்குச் சொல்லல.”

“அந்த லெட்டரை எழுதினது நான்தான்னு நாளைக்கு அங்க வந்து சொல்லிடறேன்” என்று ஆரம்பித்த ஃபார்ம் அக்காவை மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். “நீ பேசாம இரும்மா.”

அந்தப் பெண் உட்காரவில்லை. நின்றபடியே, தரையைப் பார்த்துப் பேசினாள்.

“அன்னைக்கு மத்தியானமே குடிச்சிட்டாரு. நான் கார் சாவியை எடுத்து என் ஸ்கூல் பையில ஒளிச்சு வச்சேன். எப்பவும் அப்படித்தான் வைப்பேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சாயங்காலம் தேடினாரு. கத்தல, அடிக்கல. கெஞ்சினாரு.” அவள் எச்சிலை விழுங்கினாள். “நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

ஜட்ஜம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லை.

வாசலில் யாரோ வந்து “அக்கா, ரெண்டு ஜெராக்ஸ்” என்றார்கள். யாரும் திரும்பவில்லை.

“ஏன்மா குடுத்தே?” என்றாள் ஃபார்ம் அக்கா. கேட்டுவிட்டு, பதில் முழுவதையும் கேட்பதற்காகப் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.